ஒரு கிராம் அத்தானும் ஐம்பது கிராம் பர்கரும்

எங்கள் அத்தானுக்குக் கடைத்தெருவில் 'ஒரு கிராம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசின் மேல் இரும்பு எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். தப்பாக இருந்தால் 'பயன்படுத்தத் தடை' என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர். ஒட்டியதும் அதன் மேல் கையெழுத்தும் தேதியும் போடுவார். கையெழுத்தில்லாத ஸ்டிக்கர் செல்லாது என்பது அவருக்கு வேதவாக்கு.

இருபத்து நான்கு வருடமாக இதே வேலை. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் போகட்டும் என்று சட்டமே ஒரு சலுகை வரம்பு வைத்திருக்கிறது. அதை எந்தக் கடைக்காரராவது ஞாபகப்படுத்திவிட்டால் போதும், அத்தானின் முகம் வெந்நீர் பட்டதுபோல் ஆகிவிடும். வரம்புக்குள் இருக்கிற தராசையும் பக்கத்திலேயே நின்று சரிபண்ண வைத்துவிட்டுத்தான் நகர்வார். பெயர் சும்மா வரவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஊசி என்றால் பயம். சாதாரணப் பயமில்லை. நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஒருமுறை அக்கா கொடுத்த டிபன் பாக்ஸை எனக்குத் தர வந்த அத்தான், யாரோ ஒருவர் கையில் நான் ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு அப்படியே மல்லாந்து விழுந்துவிட்டார். ஊசி போட்டுக்கொண்டவர்தான் எழுந்துபோய்த் தண்ணீர் தெளித்தார். அன்றிலிருந்து அத்தானுக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் நான்தான் எடுக்க வேண்டும். அவர் பெஞ்சில் படுத்திருக்க வேண்டும், அக்கா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஊசி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது.

போன வருடம் அப்படி எடுத்த ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டுப் புள்ளி ஒன்பது என்று வந்தது. டாக்டரம்மா வளவளக்கிற ஆள் இல்லை. ரொட்டி, அரிசி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் குறைக்க வேண்டும், மூன்று மாதத்தில் ஏழுக்குக் கீழே வர வேண்டும், வராவிட்டால் தினமும் ஊசி என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்ன இனிப்பு இருந்ததாக எனக்குப் பட்டது. அதற்குக் காரணம் உண்டு. டாக்டரம்மாவின் அறை மூலையில், நோயாளிகள் ஏறி நிற்கிற எடை மெஷின் ஒன்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. அதன் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் அத்தானின் கையெழுத்து.

வெளியே வந்த அத்தான் அரிசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பர்கரைப் பற்றித்தான் கேட்டார். சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து பேருந்து நிலையத்துப் பர்கர் கடையில் இரண்டு சிக்கன் பர்கர் சாப்பிட்டுவிட்டு வருவது அவருடைய ஒரே கெட்ட பழக்கம். அது போய்விட்டால் பிறகு எதற்காக ஒரு வாரத்தை ஓட்டுவது என்று நடைபாதையில் நின்றுகொண்டே கேட்டார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பன் இல்லாமல் வீட்டிலேயே செய்து தருகிறேன், அழாதீர்கள் என்றாள். நான் அழவில்லை என்று அத்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். எதையும் அளவெடுத்து வெட்டுகிற கை. பன்னுக்குப் பதிலாகக் குண்டுக் கத்தரிக்காயை விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, உப்பும் மிளகும் தடவி இரண்டு பக்கமும் கருக வாட்டினாள். உள்ளே வைக்கக் கோழிக் கொத்துக்கறி. அதில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, ஒரு முட்டை. வட்டமாகத் தட்ட ஜாம் பாட்டில் மூடி. ஜாமுக்குத் தடை வந்துவிட்டதால் மூடி சும்மாதான் கிடந்தது. நடுவே ஒரு வெள்ளரித் துண்டு, மேலே இருந்து கீழே வரை ஒரு பல்குத்தும் குச்சி. நாலு வாயில் முடிந்துவிடுகிற குட்டிப் பர்கர்.

முதல் சனிக்கிழமை அது பர்கராக வரவில்லை. பிடித்துவைக்க ரொட்டித்தூளோ உருளைக்கிழங்கோ இல்லாததால் கறி சட்டியிலேயே உதிர்ந்துவிட்டது. குச்சி குத்தினால் குச்சி மட்டும் நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தான் ஒரு வார்த்தை பேசாமல், உதிர்ந்ததைக் கத்தரிக்காய் மேல் ஸ்பூனால் அள்ளிவைத்துச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் நன்றாக இருக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வாரம் அக்கா வட்டமாக, முழுசாக, ஓரம்கூட உடையாமல் நான்கு பர்கரைத் தட்டில் வைத்தாள். எப்படி என்று கேட்டேன். கைப்பக்குவம் என்றாள். அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குச்சியைப் பிடித்துத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார்.

சந்தோஷம் வந்தால் அத்தானுக்கு எடை போடத் தோன்றும். டாக்டரம்மா கொடுத்த தாளில் ஒரு வேளைக்கு இருநூறு கிராம் பச்சைக் கறி என்று இருந்தது. ஆகவே ஒன்று ஐம்பது கிராம், நாலு பர்கர். இதை அளக்க அக்காவின் சமையலறைத் தராசை எடுத்தவர், முதலில் அதன்மேல் எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். நாலு கிராம் தப்பு. பதினோரு வருடமாக அக்கா கேக்கும் பலகாரமும் செய்த தராசு. அத்தான் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏற்றிவிட்டார். அவருடைய சொந்தத் தராசு அடுப்புப் பக்கத்துக்கு வந்தது. பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் சொருகும்போது பையிலிருந்து இரண்டு வெள்ளை எள் உதிர்ந்தன. நாள் முழுக்க மளிகைக் கடைகளில் உரசுகிற சட்டை, உதிராமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது சனிக்கிழமை தட்டு வந்தபோது, தராசு பக்கத்தில் சும்மா இருப்பதைப் பொறுக்காமல், குச்சியையும் கத்தரிக்காயையும் கழற்றிவிட்டு, வெந்த கறி நாலையும் அதன்மேல் வைத்தார். நூற்று நாற்பத்தெட்டு கிராம்.

வைத்தது இருநூறு. வந்தது நூற்று நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு கிராமைக் காணோம்.

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள், வெந்தால் சுருங்கும் என்று. சுருங்கினால் அளவு குறையும், எடை எங்கே போகும் என்று அத்தான் கேட்டார். அவர் பேரில் முழுக்கத் தப்பு சொல்ல முடியாது. வாழ்நாளில் அவர் எடை போட்டதெல்லாம் இரும்புக்கல். ஐந்து கிலோ கல் மழையில் நனைந்தாலும் ஐந்து கிலோ, வெயிலில் கிடந்தாலும் ஐந்து கிலோ. எடை குறைந்திருக்கிறது என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இருபத்து நான்கு வருட அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

மறுநாள் காலை கோழிக்கடைக்காரரிடம் போய் நின்றார். பாவம், அந்த மனிதர் பொழுது விடிந்ததும் ஒரு கிராமின் முகத்தில் விழித்தார். தராசு ஒரு இம்மி பிசகவில்லை. மூன்று முறை சோதித்துவிட்டுப் பச்சை ஸ்டிக்கரைப் புதிதாக ஒட்டி, அசடு வழிய வீடு திரும்பினார். கடையில் திருட்டு இல்லையென்றால் திருட்டு வீட்டில். வீட்டில் அக்கா, அத்தான் இரண்டே பேர். சனிக்கிழமை மட்டும் சாப்பிட வருகிற மூன்றாவது ஆள், நான்.

அடுத்த வாரம் சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொட்டாவி விட்டால்கூட வாய்க்குள் எட்டிப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே அவருக்கு ஒரு ஊசி போட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது வாரம் ஒரு பர்கரை நான் தின்றேன்தான். ஆனால் அது அக்கா எனக்காகவே சுட்ட ஐந்தாவது பர்கர், அவருடைய நாலில் சேராது. அவர் ஸ்டூலில் காவல் இருந்த அன்றும் வெந்தபிறகு அதே நூற்று நாற்பத்தெட்டு. நான் அடுப்பு இருந்த திசைக்கே போகவில்லை.

ஆகவே சந்தேகம் அக்காவின் மேல் திரும்பியது. வாயால் கேட்டிருந்தால் கூட அக்கா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அத்தான் மேலும் சில சனிக்கிழமை எடை போட்டுப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். 'மேற்படி அடுப்பில் வைக்கப்பட்ட இருநூறு கிராம் கோழிக்கறியில் ஐம்பத்திரண்டு கிராம் குறைவு தொடர்ந்து காணப்படுவதால், மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்குமாறு' என்று ஒரு தாள். அக்கா அதை நின்றபடியே படித்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து அத்தானின் தோளில் போட்டாள்.

"இனிமே நீங்களே சுட்டுக்கங்க. நான் ஸ்டூல்ல உக்காந்து பாக்குறேன்."

மூன்று மாதக் கெடுவில் ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. அந்தக் கடைசிச் சனிக்கிழமை அத்தான் சமைத்தார். அக்காவும் நானும் ஆளுக்கொரு ஸ்டூலில். அக்கா சொல்லச் சொல்லக் கொத்துக்கறியில் வெங்காயம், மிளகாய், பூண்டு, முட்டை எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்தார். ஐம்பது கிராம் வர வேண்டுமென்று ஒவ்வொன்றிலும் வெங்காயத் துணுக்கை எடுப்பதும் வைப்பதுமாகக் கால் மணி நேரம். சட்டியில் போட்டதும் குனிந்து, திருடனை எதிர்பார்க்கிற காவல்காரன் மாதிரி நின்றார். ஒருவரும் எடுக்கவில்லை. ஒருவரும் நகரவில்லை. திருப்பிப் போட்டபோது நாலும் உதிர்ந்தன. நாலு குவியலாகச் சேர்த்து எடை போட்டார். ஒவ்வொன்றும் முப்பது கிராம்.

அவர் சட்டியை எடை போட்டார். கரண்டியை எடை போட்டார். மிச்ச எண்ணெயை எடை போட்டார். மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கண் தெரியாமல் போனதும் அதைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் தராசில் வைத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தண்ணி," என்றார் மெதுவாக. "தண்ணிதான் போயிருக்கு."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அக்காவிடம் கேட்டார். நோட்டீஸை வாங்கி நாலாகக் கிழித்தார். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிழித்த தாளைக் குப்பையில் போடப் போனவர் பாதி வழியில் நின்றார். எண் ஒன்று உள்ளே உருள ஆரம்பித்துவிட்டால் அது உட்காரும்வரை அவரால் நடக்க முடியாது.

"என்னோடது முப்பதுக்கு வந்துச்சு. உன்னோடது முப்பத்தேழு. அதே கறி, அதே சட்டி. என்னோடது உதிருது, உன்னோடது உதிரல. அந்த ஏழு கிராம் என்ன?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா புடவைத் தலைப்பைப் பார்த்தாள். இரண்டு மாதமாகக் குறைவு குறைவு என்று தேடியவர் கடைசியில் கூடுதலில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"ரொட்டிங்க," என்றாள் அக்கா. "ஒரு துண்டு ரொட்டிய ஊறவெச்சுப் பிழிஞ்சு கலந்தேன். மொத நாள் உதிர்ந்து போனத ஒண்ணும் சொல்லாம ஸ்பூனால அள்ளிச் சாப்பிட்டீங்க. திட்டியிருந்தா விட்டிருப்பேன். திட்டல. அத என்னால பாக்க முடியல."

கலப்படம். ஆய்வாளர் வீட்டிலேயே கலப்படம். நான் அத்தானின் கை சட்டைப் பைக்குப் போகும், சிவப்பு ஸ்டிக்கர் வெளியே வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார். பரவாயில்லை, ஒரு துண்டுதானே என்றார். ஒரு கிராம் அத்தான் 'பரவாயில்லை' என்று சொல்லி அன்றுதான் முதல்முறை கேட்டேன். பெருந்தன்மை என்று நினைத்து எனக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. என் அறிவை என்னவென்று சொல்ல.

வெள்ளிக்கிழமை பெஞ்சில் படுக்கவைத்து ரத்தம் எடுத்தேன். அக்காவின் கையை நசுக்கிவிட்டார். சாயங்காலம் முடிவு முதலில் என் கையில்தான் வந்தது. ஏழு புள்ளி ஒன்று. எட்டுப் புள்ளி ஒன்பதிலிருந்து இறங்கியது பெரிய விஷயம்தான், ஆனால் கெடு ஏழுக்குக் கீழே. மயிரிழையில் தவறிவிட்டது. மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம்.

அத்தான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சின்ன வித்தியாசம்தானே டாக்டர். எதுக்குமே ஒரு சலுகை வரம்புன்னு உண்டு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். இந்த நாளுக்காகவே காத்திருந்ததுபோல் மூலையில் இருந்த மெஷினைக் கை காட்டினார்.

"எழுபது கிலோ ஆளுக்கு அது முந்நூறு கிராம்தான் கூடக் காட்டுச்சு. அன்னிக்கு நானும் உங்ககிட்ட இதையேதான் கேட்டேன். என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அத்தானுக்கு ஞாபகம் இருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை, அவ்வளவையும் காலையில் நான் எடுத்துவிட்ட மாதிரி. அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே ரொட்டியைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், தப்பு என்னுடையது, அவரைத் தண்டிக்காதீர்கள் என்றாள். டாக்டரம்மாவின் முகம் இளகியது. அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது, ரொட்டியை நிறுத்திவிட்டு இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம், இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா கண்ணைத் துடைத்தாள். வெளியே வந்தோம்.

வெளியே வந்தது நாங்கள் இரண்டு பேர். அத்தான் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். பிறகு திரும்பிப் போய் டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் நின்றார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

"அது ரொட்டி இல்ல டாக்டர். ஒரு துண்டு ரொட்டிய அஞ்சு பர்கருக்குப் பங்கு போட்டா என்ன வந்துடும். நான்தான். புதன்கிழமை சந்தைப் பக்கம் ஆய்வு. அப்படியே பேருந்து நிலையத்துல ஒரு பர்கர். பன்னோட. ஒன்பது புதன்கிழமை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, விடமுடியாமல் சொன்னார். "பன் மட்டும் அறுபத்திரண்டு கிராம். எடை போட்டுப் பாத்துட்டுத்தான் சாப்பிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து உதிர்ந்த, பன் மேல் தூவுகிற அந்த வெள்ளை எள் அப்போதுதான் என் மண்டையில் விழுந்தது.

பேசாமல் வந்திருக்கலாம். ஊசியும் இல்லை, பழியும் அக்காவோடு போயிருக்கும். உலகத்தில் அவருக்கு மிகவும் பயமான ஒன்று அந்த மேஜை இழுப்பறைக்குள்தான் இருந்தது. ஆனாலும் தப்பான எடைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வர அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் வடிந்துவிட்டது. அக்காவுக்கு வடியவில்லை, அப்போதுதான் ஊற ஆரம்பித்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்த டாக்டரம்மா, எழுதிய தாளை மாற்றவில்லை.

"நான் ஊசி போட வேண்டியதில்ல," என்றார். "வீட்டுக்குப் போங்க. அங்க கிடைக்கும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து பழைய தராசை இறக்கினாள். தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். அத்தான் ஒரு எட்டு பின்வாங்கினார். அக்கா ஊசி முனையால் சிவப்பு ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பிக் கிழியாமல் உரித்தெடுத்து, அத்தானின் சட்டைப் பையின் வாய்மேல் வைத்து அழுத்தினாள். பசை போயிருந்தது. ஸ்டிக்கர் நிற்கவில்லை.

ஊசியில் நூலைக் கோத்தாள்.

அத்தான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, மூச்சை அடக்கி நின்றார். நெஞ்சுக்கு ஒரு விரல் தூரத்தில் ஊசி போய்ப் போய் வந்தது. ஸ்டிக்கரின் நாலு மூலைக்கும் நாலு தையல். பை மூடிக்கொண்டது. எள் என்ன, இனி ஒரு பேனாகூட உள்ளே போகாது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அக்கா சொன்னாள்.

"மறு ஆய்வு மூணு மாசம் கழிச்சு."

அத்தான் ஒரு கண்ணை மட்டும் திறந்து நெஞ்சைக் குனிந்து பார்த்தார். 'பயன்படுத்தத் தடை' கோணாமல் நேராகத்தான் இருந்தது. என்னிடம் கையை நீட்டிப் பேனா கேட்டார். கொடுத்தேன். மேலே இருந்த பழைய தேதியை அடித்துவிட்டு அன்றைய தேதியை எழுதினார். பிறகு பேனாவை அக்காவிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு. இல்லன்னா செல்லாது."